குளம்பு: உண்டு / இல்லை

காலையில் நான் போகவேண்டியது வாலிநோக்கம்.
ராவியத் பீவியின் கரும்போரைக் கொடியாட்டுக்குப்
பின்னங்காலில் குளம்பு வெடித்துச் சீழ்.
மயில்துத்தமும் வாளியுமாக பைக்கை உதைக்கையில்
வனக்காவலர் இருளப்பன் போன் செய்தார்:
"மூக்கையூர்க் கரையில ஓங்கல் ஒதுங்கியிருக்கு டாக்டர்,
அறுத்துப் பார்த்து எழுதித் தரணும்."

கச்சான் அடித்துக்கொண்டிருந்தது.
பேசினால் பல்லில் மணல்.
காற்றுப்போன லாரி டியூப் போலக் கிடந்தது அது.
செத்த பிறகும் வாய் சிரித்தபடி.
வாலடியில் சுற்றிலும் மெல்லிய நைலான் கோடு.
தொம்மை பர்னாந்து அதைப் பார்த்தார்,
நான் பார்த்ததையும் பார்த்தார்.

நான் படித்ததெல்லாம் மாடும் ஆடும்.
நாமக்கல்லில் ஐந்து வருடம்
கடல் ஒரு கேள்வித்தாளிலும் வரவில்லை.
கத்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கை தானாக ஆட்டின் வழியைத் தேடியது,
நெஞ்செலும்பிலிருந்து தொப்புள் வரை.
தொப்புள் இருந்தது.

கொழுப்புக்குக் கீழே இன்னும் சூடு.
அதற்கும் கீழே இரைப்பை.
ஒரு பை, அதை ஒட்டி ஒரு பை,
விரலை விட்டால் இன்னொன்று.
அசைபோடாத வாய்க்கு
எதற்கு இத்தனை அறை?
முதல் அறையில் சாளை முள்ளும் கணவாய் அலகும்.
ஞாயிற்றுக்கிழமை கசாப்புக் கடையில்
கழுவி அடுக்கிய குடல்கள் நினைவு வந்து
கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.
"என்ன டாக்டர்,
சொந்தக்காரங்களப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?"

துடுப்பைக் கீறினேன்.
உள்ளே ஐந்து விரல், கையுறைக்குள் மடக்கி வைத்ததுபோல்.
பின்பக்கம் தசைக்குள் துழாவினேன்.
முதுகெலும்போடு சேராமல் மிதந்தன
சின்ன எலும்புகள் இரண்டு.
இடுப்பு.
காலே வராத இடுப்பு.

ஐந்து கோடி வருடத்துக்கு முன்
வடமேற்கே ஏதோ கலங்கல் ஓடையில்
நாலு காலோடு ஒன்று இறங்கியிருக்கிறது.
துரத்தப்பட்டோ, பசித்தோ.
அதன் கணுக்கால் மட்டும் கல்லாகிக் கிடைத்தது:
மேலே ஒரு கப்பி, கீழே ஒரு கப்பி.
சாயல்குடிச் சந்தையில் எந்த ஆட்டுக்காலைப் பிளந்தாலும்
அந்த இரட்டைக் கப்பி உருண்டு விழும்.
கழுதைக்கு அது கிடையாது.
உப்பளத்து வரப்பில்
காலுக்கொரு விரலூன்றி வெயிலில் நிற்கிறதே, அந்தக் கழுதை,
ஆட்டுக்கு அதைவிட நெருங்கிய உறவு
இந்த ஓங்கல்.

கடலுக்கென்று எங்கள் மருந்தகத்தில் தனிப் படிவம் இல்லை.
இனம்: மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி, பன்றி, பிற.
காதுவளைய எண்.
குளம்பு: உண்டு / இல்லை.
பேனா அங்கே நின்றது.
இரண்டையும் அடித்துவிட்டு
'இருந்தது' என்று எழுதினேன்.
"ஆடிட்ல கேப்பாங்க டாக்டர்."
கேட்கட்டும்.

இறப்பின் காரணம்: மூச்சுத் திணறல்.
நீரில் மூழ்கியதால்.
ஆமாம், கடலில் பிறந்தது, கடலில் மூழ்கியது.
ஓடைக்கரையில் இழுத்த அதே காற்றைத்தான்
இன்றுவரை மேலே வந்து இழுத்துக்கொண்டிருந்தது.
வாலடிக் கோட்டையும் எழுதினேன்.
யாருடைய வலை என்ற கட்டம் படிவத்தில் இல்லை.
நானும் வரைந்து சேர்க்கவில்லை.

ஆறடி போதும் என்றார் இருளப்பன்.
தொம்மை எட்டடி தோண்டினார்.

வாலிநோக்கம் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.
ஆட்டின் காலை என் தொடையில் ஏற்றி
வெடிப்பை விரித்துக் கழுவினேன்.
இரண்டு விரல், நடுவே சேறு.
"உங்க மேல என்ன கவுச்சி?" என்றாள் ராவியத்,
முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு.
ஆட்டுக்கு அந்தக் கூச்சமில்லை.
என் சட்டைக் கையில் காய்ந்திருந்த உப்பை
நிதானமாக நக்கித் தீர்த்தது.
பிறகு ஒரு உதை, வாளி கவிழ்ந்தது.
மூன்று காலில் நொண்டிக்கொண்டு
சீமைக்கருவேலங்காய் தேடிப் போனது
கடலுக்கு முதுகைக் காட்டியபடி.